ராஜம்மாவின் ஒன்பது குவியல்கள்

ராஜம்மாவை அந்த இடத்தை விட்டே கிளப்ப வேண்டும் என்று மூன்று மனு எழுதியவன் நான். அவரைப் பற்றி ஒருநாள் நன்றியோடு உட்கார்ந்து எழுதுவேன் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவர் மேலும் ஒரு மனு போட்டிருப்பேன்.

என் பெயர் ரவிச்சந்திரன். பிறந்தது நாமக்கல் பக்கம். கோழிப் பண்ணை வாடையிலிருந்து தப்பிப்பதற்காகவே நான் படித்தேன் என்று என் மனைவி கோமளா எல்லோரிடமும் சொல்வாள். முழுப் பொய் இல்லை. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, குணம் நிற்கவில்லை.

திருமழிசை தாண்டி, குத்தம்பாக்கம் போகிற வழியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கினோம். ஆறாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. குடிவந்த மறுநாள் காலை காபியோடு பால்கனியில் போய் உட்கார்ந்தேன். ஒரு வாய் குடிப்பதற்குள் காற்று வந்தது. இந்தப் பக்கத்தில் மத்தியானத்துக்கு மேல்தான் கடல் காற்று. காலையில் மேற்கிலிருந்துதான் வீசும். அந்தக் காற்றில் வந்தது சாட்சாத் கோழி நாற்றம். நாமக்கல் பஸ் ஏறி என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

விசாரித்தேன். மேற்கே முகமது ஆசிக் என்பவருடைய பிராய்லர் கோழிப் பண்ணை இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு பெண்மணி கோழிக் கழிவைக் குவித்து வைத்து ஏதோ செய்கிறார் என்றார்கள். போதாதா எனக்கு? பண்ணைக்காரர் உரிமம் வைத்திருந்தார். குவித்து வைத்த பெண்மணியிடம் என்ன இருக்கப் போகிறது? அவர் மேல் எழுதினேன். மூன்றாவது மனுவில் எண்பத்து நான்கு கையெழுத்து. குடியிருப்போர் சங்கத் தலைவர் ஜெகதீஷ் ஐ.டி. கம்பெனிக்காரர், காதில் போனை வைத்து அமெரிக்காவோடு பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஆதாரத்துக்கு நாலு புகைப்படம் வேண்டுமே என்றுதான் முதல்முறை அங்கே போனேன். குற்றவாளியை மூன்று தடவை தண்டித்த பிறகு குற்றத்தைப் பார்க்கப் போன ஆய்வாளர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பண்ணைக்குப் பின்னால் அரை ஏக்கர் இருக்கும். தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. கீழே இடுப்பு உயரத்துக்கு வரிசையாக ஒன்பது குவியல்கள். ஒரு அம்மா கையில் நீளமான இரும்புக் கம்பியோடு நின்றிருந்தார். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. நான் போனைத் தூக்கியதும் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சார், போட்டோவா? அந்த மூலையில கீறது இன்னும் வேகல. தோ, இந்தக் குவியல எடுங்க, இதான் நல்லா வந்துகீது.”

எரு வாங்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். அவர் அந்த நல்ல குவியலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி என் முன்னால் நீட்டினார்.

“மோந்து பாருங்க.”

கையை நீட்டினேன், மூக்கை நீட்ட மனம் வரவில்லை. நீட்டத்தான் வேண்டியிருந்தது. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் ஒட்டிக்கொண்டு வருமே ஒரு மண், அந்த வாசனை. கோழி எங்கேயும் இல்லை. இரண்டாம் முறையும் முகர்ந்தேன்.

“அப்ப நாறுறது எது?” என்று கேட்டேன்.

அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பண்ணையின் பின்சுவர் ஓரம், புதிதாகச் சுரண்டி எடுத்துப்போட்ட கழிவு: கோழிக்குத் தரையில் பரப்பிய உமியும் எச்சமும் கலந்து, முந்தைய மழையில் நனைந்து கிடந்தது. அதைத் தாண்டிக் கால்வாய் ஓரம், எந்தெந்தக் கடைக்காரர்களோ மூட்டை மூட்டையாகத் தூக்கி எறிந்துவிட்டுப் போன இறகும் குடலும். நாய்கள் இழுத்துக்கொண்டிருந்தன.

“எங்கிட்ட வந்து சேராததுதான் சார் நாறுது. வந்து சேந்தது நாறாது” என்றார்.

ராஜம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. பிறந்தது அங்கிருந்து நடக்கிற தூரத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ராஜம்மாவும் எட்டாம் வகுப்போடு நின்று களை எடுக்கப் போனார். பிறகு அந்த நிலங்களெல்லாம் மனை மனையாகக் கல் நட்டு விற்கப்பட்டன. அதைப் பற்றி அவரிடம் சோகமாக ஏதோ கேட்கப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“நெலத்த வித்தவங்க அழுதாங்க. நாங்க இன்னாத்துக்கு அழறது? சேத்துல நின்னு நின்னு காலு பூரா புண்ணு. உட்டதடா சாமின்னு கம்பெனி வேலைக்குப் போய்ட்டேன்.”

திருமழிசை தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம். அந்தக் கம்பெனி வேறு ஊருக்கு இடம் மாறிப் போனதும் ஆசிக் பாயின் கோழிப் பண்ணைக்கு வந்தார். ஒரு தொகுதிக் கோழியை லாரியில் ஏற்றி அனுப்பியதும், அடுத்த குஞ்சுகள் வருவதற்குள் தரையைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் தலைமுடியிலிருந்து வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இரண்டாவது ஸ்டாப்பில் எழுந்துவிடுவார்களாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிக்காமல் சொன்னது ஒன்றே ஒன்று. மகள் விஜி ஒன்பதாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். “நீ வர வேணாம்மா” என்று மகள் சொல்லிவிட்டாள்.

“கோபம் வர்ல சார். அது இன்னா பண்ணும், கொயந்த. அன்னிக்கு ஒண்ணு நெனச்சேன். இந்த நாத்தத்த எப்டியாவது கொன்னுப்புடணும்னு.”

நாற்றத்தைக் கொல்வது என்றால் எல்லோரும் ஊதுவத்தி வாங்குவோம். இந்த அம்மா அதன் வேரைத் தேடிப் போயிருக்கிறார். பண்ணைக் கழிவை ஏரிக்கரையில் கொட்டக் கூடாது என்று ஆசிக் பாய்க்கு அப்போது எச்சரிக்கை வந்திருந்தது. கழிவை மக்க வைப்பது எப்படி என்று வேளாண்மைத் துறையில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். போக யாரும் முன்வரவில்லை. ராஜம்மா போனார். கோழிக் கழிவு தனியாகக் கிடந்தால் அழுகும். அதோடு தென்னை நார்த்தூள், காய்ந்த இலை, மரத்தூள் என்று உலர்ந்ததைச் சரிக்குச் சரி கலந்தால் வெந்து மக்கும். பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. இவ்வளவுதான் அங்கே கேட்டுக்கொண்டு வந்தது. “கொட்டறதுக்கு எடம் தேடிக்கினு அலையறதுக்கு, பின்னாடி எடத்த நீயே எடுத்துக்கோம்மா” என்று ஆசிக் பாய் அரை ஏக்கரைச் சும்மா கொடுத்தார்.

முதல் குவியல் காய்ந்து கட்டியானது. இரண்டாவது மழையில் ஊறி, அவரே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும்படி ஆனது. மூன்றாவதில் கோழிக் குடலை மேலாக வைத்துவிட்டார்; விடிந்து பார்த்தால் குவியல் மேல் நாய் மாநாடு. நான்காவதிலிருந்து பிடிபட்டது. பூந்தமல்லி கடைத்தெருவில் கோழிக்கடை கோழிக்கடையாக ஏறி இறங்கினார். மூடி போட்ட டிரம் கொடுத்து, இறகையும் குடலையும் கால்வாயில் போடாமல் இதில் போட்டு வையுங்கள் என்று கேட்டார். பாதிப் பேர் விரட்டினார்கள், மீதிப் பேர் போட்டார்கள். ஆம்லெட் கடை, பேக்கரிகளிலிருந்து முட்டை ஓடு வரும். லாரியில் மூட்டை தூக்கி முதுகு போன அவருடைய கணவர் தேவராஜ், அதைக் கழுவிக் காயவைத்துப் பழைய மாவு மெஷினில் அரைப்பார். ரோஜாச் செடி வைத்திருப்பவர்கள் அந்தத் தூளுக்கு வரிசையில் நிற்கிறார்கள். எருவோ மல்லிகைத் தோட்டங்களுக்கும் ஆவடி குவார்ட்டர்ஸ் தோட்டங்களுக்கும் போகிறது. ராஜம்மாவோடு இன்னும் நான்கு பெண்கள் அதில் பிழைக்கிறார்கள். விஜி இப்போது ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கூட வேலை பார்க்கிறவர்களை ஒருநாள் கூட்டிவந்து, “இது எங்கம்மா செய்யறது” என்று குவியல் குவியலாகக் காட்டினாளாம். இதைச் சொல்லும்போது ராஜம்மா திரும்பி நின்று கம்பியைத் துடைத்தார்.

அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் ஒவ்வொரு குவியலின் வயிற்றிலும் அதைக் குத்தி, ஒரு வெற்றிலை போடுகிற நேரம் விட்டுவிடுவார். பிறகு உருவி, நுனியைக் கையால் பிடித்து எண்ணுவார். மூன்று எண்ணுவதற்குள் கை தானாக விட்டுவிட்டால் உள்ளே சூடு சரி. பத்து வரை பிடிக்க முடிந்தால் குவியல் தூங்குகிறது, புரட்டிப் போட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. இதெல்லாம் ஒரு அளவா? வீட்டில் இருந்த நல்ல வெப்பமானியை மறுநாள் எடுத்துப் போனேன். ஒன்பது குவியலுக்கும் அளந்தேன். அறுபது டிகிரிக்கு மேல் உள்ளதெல்லாம் மூன்று எண்ணிக்கை. ஒன்றில்கூட அவர் தவறவில்லை. அதற்கடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எந்தக் குவியல் என்றைக்கு எவ்வளவு சூடு என்று குறிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகக் காலையில் எழுந்ததும் எங்கே போவது என்று தெரியாமல் இருந்தவனுக்குப் போக ஒரு இடம் கிடைத்தது.

“எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதாம்?” என்றாள் கோமளா. ஆனால் மாடியில் அவள் வைத்திருக்கும் கத்தரிச் செடிக்கு அந்த எருவைத்தான் போட்டாள்.

இடையில் என் மனு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாத நேரத்தில் அரசாங்கம் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். திரும்பப் பெறுகிறேன் என்று ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினேன். “நீங்க ஒருத்தர் வாபஸ் வாங்கினா ஆச்சா? மீதி எண்பத்து மூணு பேரு?” என்று கேட்டார்கள். ஜெகதீஷிடம் போனேன். “அங்கிள், உடம்புக்கே ஆபத்துன்னு நீங்கதானே மீட்டிங்ல அரை மணி நேரம் பேசினீங்க?” என்றார். பேசினேன்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டால் பரவாயில்லை. நான் அதை இன்னொருவர் முந்தானையில் விட்டிருந்தேன்.

நோட்டீஸ் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வு. நாற்றத் தொல்லை இருப்பது தெரிந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பாதி வெந்த குவியலை எங்கேயும் தூக்கிப் போக முடியாது. நின்றால் அதோடு எல்லாம் நின்றது. டிரம் வைத்த கோழிக்கடைகள் மறுபடி கால்வாயைத்தான் தேடும். ஐந்து பெண்களும் வேறு வேலை தேட வேண்டும். ராஜம்மாவோ, “வரட்டும் சார். வந்து மோந்து பாக்கட்டும். நாறுதுன்னா சொல்லட்டும்” என்று கம்பியைக் குத்திக்கொண்டிருந்தார். மனு போட்டது நான் என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. தினமும் சொல்ல நினைத்துப் போவேன், சூட்டைக் குறித்துக்கொண்டு திரும்புவேன்.

புதன்கிழமை சாயந்திரம் நான் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதை எழுதாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

நம் ஊரில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் முதலில் வருவது சுண்ணாம்பு. சாலை ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி தூவினால்தான் வரப்போகிறவருக்கு மரியாதை, சுத்தத்துக்கு அத்தாட்சி. எங்கள் தொழிற்சாலைக்கு டெல்லியிலிருந்து யாராவது வந்தால் மரத்துக்கு மரம் வெள்ளை, கல்லுக்குக் கல் வெள்ளை. முப்பத்து நான்கு வருடம் அதைப் பார்த்த கண். ராஜம்மா அன்று மத்தியானமே ஆவடிக்கு எரு மூட்டை இறக்கப் போய்விட்டார். கொட்டகையில் தேவராஜ் மட்டும் இருந்தார். நான் ஆட்டோவில் இரண்டு மூட்டை சுண்ணாம்புத் தூளோடு போய் இறங்கினேன்.

“நாளைக்கு ஆபீசர் வர்ற இடம். பளிச்சுனு இருக்க வேண்டாமா?”

“கரெக்டு சார். கோயி எறக்குறதுக்கு முன்னாடி பண்ணத் தரையில இத்ததான தூவுறோம். கிருமி கிட்ட வராது” என்றார் தேவராஜ். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நடைபாதையில் தூவினோம். ஓரத்தில் தூவினோம். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்போம். மிச்சமிருந்ததை வீணாக்குவானேன் என்று ஒன்பது குவியல் மேலும் தூவி, காற்றில் பறக்கக் கூடாது என்று தண்ணீரும் தெளித்தோம். பார்க்கக் கோயில் திருவிழா மாதிரி இருந்தது. திருப்தியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஜெகதீஷும் இன்னும் ஆறேழு குடியிருப்புவாசிகளும் நானும் வாசலில் கூடி, அதிகாரியோடு சேர்ந்தே போனோம். எழிலரசி என்று பெயர்; நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். பண்ணைச் சுவரைத் தாண்டியதும் என் கண் எரிந்தது. பத்தடி போவதற்குள் மூக்கு, தொண்டை எல்லாம் காந்தியது. ஜெகதீஷ் கைக்குட்டையை எடுத்தார். நான் பளிச்சென்று காட்ட ஆசைப்பட்ட இடம் அத்தனை பேரையும் இருமலோடு வரவேற்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு நான்தான் என்பது அப்போது எனக்கே தெரியாது.

கொட்டகையில் ராஜம்மாவும் நான்கு பெண்களும் வேர்வை ஒழுகச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு வந்து பார்த்ததிலிருந்து சுரண்டுகிறார்களாம். ஐந்து குவியலில் வெள்ளை போயிருந்தது, மேலே கனமாக நார்த்தூள் மூடியிருந்தது. நான்கு குவியல் இன்னும் வெள்ளையாகவே இருந்தன. அவற்றிலிருந்துதான் அந்தக் காரம் எழும்பியது. தேவராஜ் ஒரு மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அப்போது எனக்கு விளங்கியது.

எழிலரசி கோப்பைத் திறந்தார். “ரவிச்சந்திரன் மற்றும் எண்பத்து மூன்று பேர் கொடுத்த மனு” என்று சத்தமாகப் படித்தார். எனக்கு நின்ற இடம் தெரியவில்லை. ராஜம்மா முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

“சூடா இருக்கிற கோழி எரு மேல சுண்ணாம்பு போட்டா அமோனியா கிளம்பும்னு தெரியாதா? யார் போட்டது இதை?” என்றார் எழிலரசி.

“நான்தான் மேடம். தெரியாம போட்டுட்டேன்” என்றார் ராஜம்மா.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் பக்கம் கண்ணைத் திருப்பக்கூட இல்லை. முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ பேர் என் முன்னால் தங்கள் தவறை அடுத்தவர் மேல் தள்ளிப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் தவறை ஒருவர் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அதுவும் என் தவறை.

எழிலரசி பேனாவை எடுத்தார். “நடத்துபவருக்கு அடிப்படை விவரமே தெரியவில்லை” என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். அந்த ஒரு வரி போதும், கொட்டகைக்குப் பூட்டு விழ. ஜெகதீஷும் மற்றவர்களும் இருந்தார்கள். அந்தக் குடியிருப்பில் எனக்கு இருந்த ஒரே சொத்து, எல்லாம் தெரிந்தவர் என்ற பெயர்தான். லிப்ட் ரிப்பேர் ஆனாலும், தண்ணீரில் உப்பு ஏறினாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெயரை இத்தனை பேர் முன்னால் அவிழ்த்துப் போட வேண்டும். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: மூன்று நான்கு வார்த்தை அவர் எழுதி முடிக்கும் வரை நான் பேசாமல்தான் நின்றேன்.

“மேடம், எழுதாதீங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “எழுதாதீங்க. அந்தம்மா நேத்து சாயந்திரம் இங்க இல்லவே இல்ல. சுண்ணாம்பு வாங்கிட்டு வந்தது நான். போட்டது நான். மனு எழுதினதும் நான்தான். அவங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியல.”

ஜெகதீஷ் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அங்கிள், நீங்களா?” என்றார்.

“நானேதான்.”

எழிலரசி என்னையும் ராஜம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ராஜம்மாவிடம், “அப்ப இது கெட்டுப் போச்சுன்னு எப்ப தெரியும் உங்களுக்கு?” என்றார்.

“ரோட்டாண்ட வரும்போதே தெரிஞ்சிது மேடம், கண்ணு காந்திச்சு. மேல கீற வெள்ளைய ஒரு ஜாணு சொரண்டித் தனியா எடுத்துடணும். அப்றம் காஞ்ச நார்த்தூள நாலு வெரக்கடை மூடணும். உள்ள கெடக்கறது கெடல. தோ, இந்த அஞ்சும் பாருங்க.”

எழிலரசி ஐந்தாவது குவியலருகே போய்க் குனிந்தார். முகர்ந்தார். நிமிர்ந்து ஆறாவதைக் கை காட்டினார். ராஜம்மாவும் பெண்களும் அதில் இறங்கினார்கள். எட்டு கை, பத்து கை. மண்வெட்டிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஜெகதீஷ் என்ன நினைத்தாரோ, நார்த்தூள் கூடையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். மூடி முடித்துக் கொஞ்ச நேரத்தில், அந்தக் குவியலைச் சுற்றி நின்ற எங்களுக்கு மூச்சு சாதாரணமாக வந்தது. பக்கத்தில் ஏழாவது இன்னும் கண்ணை எரித்தது. இரண்டுக்கும் நடுவே நின்று எழிலரசி இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை முகர்ந்தார். எழுதியதை அடித்தார்.

மூன்று மாதம் நடத்தலாம், பிறகு மறு ஆய்வு என்றார். பின்சுவர் ஓரம் புதுக் கழிவு நனையாமல் ஆசிக் பாய் கூரை போட வேண்டும். கால்வாய் ஓரம் மூட்டை எறிகிறவர்களைத் தடுக்க ஏற்பாடு செய்வதாக எழிலரசியே சொன்னார். கடைசியில், “பொறுப்பாளர்னு ஒருத்தர் பேர் எழுதணும். அவங்க சொல்லாம இங்க யாரும் எதுவும் போடக் கூடாது. யார் பேர்?” என்றார். குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர் பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“ராஜம்மா” என்று ராஜம்மாவே சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்தும் போட்டார்.

எல்லோரும் போன பிறகு நான் மட்டும் நின்றேன். நோட்டுப் புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். வாயைத் திறந்தேன். “மனு விஷயம் நானே சொல்லியிருக்கணும்மா” என்று மட்டும் வந்தது.

“நோட்டீசோட அந்த மனுவும் வந்துதே சார். மொத பேரே உங்க பேருதான். விஜி படிச்சுச் சொல்ட்டா.”

“தெரிஞ்சுமா இத்தனை நாள் என்னை உள்ள விட்டீங்க? தெரிஞ்சுமா இன்னைக்கு உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?”

“பின்ன? நாத்தத்துக்கோசரம் மூக்க மூடிக்கினு போனவங்கதான் நெறைய பேரு. நீங்க ஒருத்தருதான் திட்டனாலும் எட்டிப் பாத்தீங்க. சுண்ணாம்பும் எங்களுக்கோசரம்தான் கொணாந்தீங்க. அத்தப் போய் ஆபீசராண்ட காட்டிக் குடுப்பாங்களா?” என்றார். பிறகு முகம் மாறியது. மண்வெட்டியை எடுத்து என் காலடியில் நட்டார். “அதுக்கோசரம் சும்மா உட்ருவேன்னு நெனைக்காதீங்க. இன்னும் மூணு குவியலு வெள்ளையாக் கீது. எங்களுக்குக் கை ஓஞ்சு போச்சு. போட்டவருதான் சொரண்டணும். சட்டையக் கயட்டி வெச்சுட்டு வாங்க.”

அறுபத்திரண்டு வயதில் நான் முதன்முதலாகக் கோழி எருவில் இறங்கினேன். கண் எரிந்தது, மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. எரிச்சலில் வந்தது எவ்வளவு, என்னைத் துரத்தாமல் வேலை கொடுத்தாரே என்று வந்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை, அளந்து பார்க்கவும் இல்லை. ஒரு ஜாணுக்குக் குறைவாகச் சுரண்டிய இடத்தில் ராஜம்மா வந்து நின்று, “இங்க வெள்ள கீது பாருங்க, ஒயுங்கா எடுங்க” என்று குறை சொன்னார். “சரிம்மா” என்று திரும்பவும் குனிந்தேன்.